அவகாசம் அக்கா

போன செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. சாலைக் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தேன். உள்ளூர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும், வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்றால் வெறும் ரோடு இல்லை. ஊரின் வயிறு. மல்லி, மிளகாய், கயிறு, கற்பூரம், வாழைக்குலை... எல்லாம் அதன் வழியாகத்தான் ஊருக்குள் இறங்கும்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. வெயில் ஈரத்தில் கால் வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து வந்தது. நான் ஆபீசுக்கு லீவு போட்டிருந்தேன். எதற்கு? சும்மா நடப்பதற்கு.

பின்னாலிருந்து ஒரு சத்தம்.

“அவகாசம் அக்கோவ்!”

பாதித் தெரு திரும்பிப் பார்த்தது. தலையில் மூட்டையோடு போன ஒருவர் மூட்டையையும் சேர்த்துத் திருப்பினார். நானும் திரும்பினேன். திரும்பாமல்? என்னைத்தானே கூப்பிட்டார்கள்!

வீட்டில் எனக்கு வைத்த பெயர் வேறு. இந்தப் பக்கத்தின் மேலே வாரா வாரம் நீங்கள் பார்க்கும் பெயர் வேறு. ஆனால் சாலையை ஒட்டிய ஆரியசாலைச் சந்துகளில், மொத்தக் கடைகளுக்கும் டீக்கடைகளுக்கும் நடுவே, மூன்று வருஷமாக எனக்கு இதுதான் பெயர். அவகாசம் அக்கா.

கூப்பிட்டவர் செல்லையா. தோசை மாஸ்டர். வள்ளியூர்ப் பக்கம். அவர் தோளில் ஒரு குட்டிப் பெண் குதிரை ஏறி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது ஒரு பிழையால் வந்தது. என் பிழை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு தெருநாடகக் குழுவில் இருந்தேன். குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதில் பாதிப் பேர் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது கெட்டுப்போகக் கூடாது. பெயர் வைக்க நாலு கூட்டம் நடந்தது. பெயருக்குப் பின்னால் ஆச்சரியக்குறி வேண்டுமா என்று ஐந்தாவது கூட்டம்.

பதினோரு பேர். ஒரு செண்டை. ஏழு முகமூடி. முகமூடிகளைப் பழைய பேப்பரை மைதாப் பசையில் ஊறவைத்து நாங்களே செய்தோம். தலையங்கப் பக்கங்கள் காய்ந்து முதலாளி முகமாக மாறுவதைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது. ரேஷன் அரிசியில் கல், ஆஸ்பத்திரி க்யூ, வரதட்சணை... எங்கே கூட்டம் நிற்கிறதோ அங்கே ஒரு வட்டம் போட்டு ஆரம்பித்துவிடுவோம். உலகத்தை மாற்றுவதுதான் நோக்கம். ஆனால் நாலு மணிக்குள் மாற்றியாக வேண்டும். ஏனென்றால் செண்டைக்காரருக்கு நாலரை மணிக்குக் கோயிலில் வாசிப்பு!

எங்கள் டைரக்டர் பாஸ்கரன். டுடோரியல் காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர். தாடி, ஜோல்னாப் பை, நடந்துகொண்டே பேசும் வழக்கம். நானும் உட்கார மாட்டாதவள். எங்கள் இரண்டு பேரின் விவாதத்தைக் கேட்க வேண்டும் என்றால் மற்றவர்களும் கூடவே நடக்க வேண்டும். பாதிக் கூட்டங்கள் மியூசியம் தோட்டத்தைச் சுற்றி நடந்தவைதான்.

அந்த வருஷம் எங்கள் புது நாடகம், ‘ஞாயிற்றுக்கிழமையைக் காணவில்லை.’ ஒரு ஓட்டல் தொழிலாளி போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிறான். என் ஞாயிற்றுக்கிழமை தொலைந்துபோய்விட்டது, கண்டுபிடித்துக் கொடுங்கள் என்கிறான். அவ்வளவுதான் கதை. வாரத்துக்கு ஒரு நாள் லீவு என்று சட்டத்தில் இருந்தது. சட்டம் செக்ரட்டேரியட்டில் இருந்தது. அங்கிருந்து ஓட்டல் அடுக்களை வரைக்கும் நடந்து வர அதற்குத்தான் கால் இல்லை.

மலையாளத்தில் போட்டோம். நல்ல கைதட்டல். கிழக்கேகோட்டையில் ஒரு நாள் நாடகம் முடிந்து முகமூடிகளை மடித்துணி மூட்டை மாதிரி பத்திரமாகக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஆள் என் பக்கத்தில் வந்து நின்றார். லுங்கி, தோளில் துண்டு, முன்கையில் அங்கங்கே சுட்ட தழும்பு.

“அக்கா தமிழா? பாடும்போது கேட்டேன். நாடகம் நல்லாருந்துச்சு. ஒரு சந்தேகம்...”

“சொல்லுங்க.”

“காணாமப் போன அந்த ஞாயித்துக்கிழமை... கடேசி வரைக்கும் கெடைக்கலையா?”

“கிடைக்கலை. அதுதான் நாடகம்.”

“அதெப்படிக்கா? போலீஸ்ல எழுதிக் குடுத்தாச்சுல்லா?”

எங்கள் நாடகத்துக்கு அதைவிட நல்ல விமர்சனம் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

அவர்தான் செல்லையா. ஆரியசாலையில் ஒரு தமிழ்க்காரர் ஓட்டலில் தோசை மாஸ்டர். ஊரில் மனைவிக்குக் குழந்தை பிறந்து நாலு மாசம். பார்த்தது ஒரு தடவை.

“கண்ண மூடினா பிள்ள மூஞ்சி வரமாட்டேங்குக்கா. மூக்கு வருது. காது வரமாட்டேங்கு. காது வந்தா மூக்கு போயிருது.”

“முதலாளிகிட்டக் கேட்டீங்களா?”

“அண்ணாச்சிகிட்டயா? ‘அடுத்த மாசம் பாப்பம்வே’ங்காரு. அடுத்த மாசம்னு ஒரு மாசம் எந்தக் காலண்டர்லக்கா இருக்கு?”

வள்ளியூருக்கு மூன்று மணி நேர பஸ். வாரத்தில் ஒரே ஒரு நாள் இருந்தால் போதும், போய் ஒரு மூஞ்சியை முழுசாகப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அவர் கேட்டது அதற்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் ஒரு ஆளாகப் போய் அழுத்திக் கேட்டால் வேலை போய்விடும். கல்லுக்கு வேறு மாஸ்டர் ஊரிலிருந்து வந்து நிற்பார்.

“இதை எங்க கட முன்னால போடுவீங்களா? தமிழ்ல போடணும். மலையாளத்துல போட்டா அண்ணாச்சி புரியாத மாதிரியே இருந்துக்கிடுவாரு.”

பாஸ்கரனுக்கு ஒரே குஷி. “சேச்சிக்குத் தமிழ் வீட்டு பாஷையல்லே! ரெண்டு திவசம் போதும்!”

ரெண்டு நாள் கூட வேண்டாம் என்றேன். அகங்காரம்! நான் இந்த ஊரில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ். என் தலைக்குள் இரண்டும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிற இரண்டு குடும்பம் மாதிரி. ஒரே கிணறு. யார் வாளி, யார் கயிறு என்று நான் பார்த்ததே இல்லை.

நாடகத்தின் உச்சத்தில் ஒரு கோஷம் வரும். மலையாளத்தில் அது இப்படி: ‘அவதி ஔதார்யமல்ல, அவகாசமாணு!’ லீவு என்பது நீ போடும் தயவில்லை, எங்கள் உரிமை என்று அர்த்தம். மலையாளத்தில் ‘அவதி’ என்றால் விடுமுறை. தமிழில்? அதை அப்படியே வைத்து, ‘எங்களுக்கு அவதி வேண்டும்’ என்று அண்ணாச்சி வாசலில் போய்க் கத்தியிருந்தால் அவர் மறுத்தா இருப்பார்? தினமும் கொடுத்துக்கொண்டிருப்பதுதானே!

அந்தப் பள்ளத்தை நான் பார்த்துவிட்டேன். ‘அவதி’யை அடித்து ‘லீவு’ என்று எழுதினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு ஆபீஸ் கேன்டீனில் ஒரு டீ அதிகமாகக் குடித்தேன். பெரிய பள்ளத்தைத் தாண்டியவள் அந்தச் சந்தோஷத்தில் அடுத்த அடியை எங்கே வைத்தாள் என்று பார்க்கவில்லை.

‘அவகாசம்’ அப்படியே நின்றுவிட்டது.

மலையாளத்தில் அது உரிமை. தமிழில் அது நேரம், தவணை. ‘யோசிக்க அவகாசம் கொடுங்கள்’ என்போமே, அந்த அவகாசம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எங்கள் வீட்டுத் தமிழில் மலையாள அர்த்தம் எப்போதோ குடிவந்துவிட்டது. ‘அந்தச் சுவத்துல நமக்கும் அவகாசம் உண்டு’ என்று பக்கத்து வீட்டோடு அப்பா சண்டை போட்டதைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஜன்னலோர இடத்துக்கு என் தங்கை அடம்பிடித்ததும் அதே சொல்லால்தான். எனக்கு அது சந்தேகப்பட வேண்டிய சொல்லாகவே படவில்லை.

ஆக, தமிழ்க் கோஷம் தயார்: ‘லீவு தயவில்லை, எங்கள் அவகாசம்! தா தா, அவகாசம் தா!’

நடிகர்களுக்காக முழு வசனத்தையும் மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். துணியில் சிவப்பு மையால் பேனர்: ‘அவகாசம் தா!’ எழுத்து என்னுடையது. வளைவெல்லாம் அழகாக வந்திருந்தது.

குழுவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏன் வரும்? மலையாளிகள் காதில் அது ‘உரிமை’ என்று விழுந்தது. ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுப் பந்தி முடிந்து டிபன் தொடங்குவதற்கு நடுவில் கிடைக்கும் அந்த அரை மணியில், செல்லையா ரிகர்சல் பார்க்க ஓடிவந்தார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“நல்லாருக்குக்கா. ‘அவகாசம் தா’ன்னு கேக்கது மரியாதையா இருக்கு.”

மரியாதையா? அந்த இடத்திலாவது எனக்கு மணி அடித்திருக்க வேண்டாமா? உரிமையைக் கேட்பதும் மரியாதைதானே என்று நானும் தத்துவமாகத் தலையாட்டினேன். அவர் போகும்போது சொன்னார்: “நான் வெளிய வரமாட்டேங்கா. கல்லுகிட்ட நின்னு கேப்பேன். என்னைப் பாத்து யாரும் சிரிச்சிராதீங்க, அண்ணாச்சிக்குத் தெரிஞ்சிரும்.”

நாடக நாள் வந்தது. மத்தியானம் மூன்று மணி. ஆரியசாலைச் சந்தில் ஓட்டல் வாசலுக்கு நேர் எதிரே வட்டம் போட்டோம். செண்டை விழுந்ததும் கூட்டம் தானாக வந்தது. மூட்டை இறக்குகிறவர்கள், மொத்தக் கடைப் பையன்கள், கணக்கெழுதுகிறவர்கள், பேனாவைக் காதில் செருகிக்கொண்டே. பாதி தமிழ், பாதி மலையாளம்.

அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவரும் ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. லீவு அவருக்கு ஒரு வியாதி. ஒருத்தனுக்கு வந்தால் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும் வியாதி.

நாடகம் ஓட ஆரம்பித்தது. எங்கள் போலீஸ்காரர், நிஜத்தில் தாலூக்கா ஆபீஸ் கிளார்க், மீசையை முறுக்கிக்கொண்டு விசாரித்தார்.

“காணாமப் போன ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன வயசு? என்ன நிறம்?”

“தெரியாதுங்க.”

“கடைசியா எப்பப் பாத்தே?”

“கல்யாணத்துக்கு முந்திங்க!”

சந்து குலுங்கியது. மலையாள நாக்கில் தமிழ் கொஞ்சம் வழுக்கியது. அது வேறு தனிச் சிரிப்பு. கல்லாவில் அண்ணாச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவதை நான் பார்த்தேன். உள்ளே, புகைக்கு நடுவில், கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தம். செல்லையா.

பிறகு கோஷம். பேனர் விரிந்தது. பதினோரு குரல்.

“லீவு தயவில்லை, எங்கள் அவகாசம்! தா தா, அவகாசம் தா!”

அண்ணாச்சி எழுந்து வாசலுக்கு வந்தார். கையைத் தூக்கினார்.

“ஏய், அந்தக் கொட்ட நிப்பாட்டுங்கவே!”

செண்டை நின்றது.

“இப்ப என்ன கேக்கீங்க? இன்னொருக்கச் சொல்லுங்க.”

“அவகாசம்!”

“அவகாசமா?”

“அவகாசம்!”

அவர் பேனரை ஒரு தடவை எழுத்துக் கூட்டி வாசித்தார். அந்த முகம் மலர்ந்ததே... இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சித்திரை வருஷப் பிறப்பன்று கூட அவர் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

“அட, இம்புட்டுத்தானா! இதுக்கா இந்தக் கொட்டும் கூத்தும்? நான் லீவுல்லா கேக்க வந்திருக்காங்கன்னு பயந்துட்டேன்! அவகாசம்தானவே? தந்தேன்! அவகாசம் தந்தேன்! ஆறு மாசம் வச்சுக்கிடுங்க. காணாதுன்னா ஒரு வருஷம் எடுத்துக்கிடுங்க!”

கூட்டத்தில் தமிழ்ப் பாதி ‘ஹோ’வென்று சிரித்தது.

எனக்குக் காதுக்குப் பின்னால் வியர்த்தது. அந்த ஒரு நொடியில் சொல் என் கண் முன்னால் சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டது. ஐயோ... ‘உரிமை தா’ என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, ‘தவணை தா’ என்று கெஞ்சியிருக்கிறோம். அதையும் செண்டை அடித்து! என் அழகான வளைவுகளோடு!

இதற்குள் மலையாளப் பாதியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பாஸ்கரனுக்குத் தமிழ் அரைகுறை. அவர் காதில் விழுந்தது இரண்டே சொல்: ‘அவகாசம் தந்தேன்.’

“அங்கீகரிச்சு!” என்று அலறினார். “முதலாளி அவகாசம் அங்கீகரிச்சு! ஜயிச்சு!”

செண்டை இடி மாதிரி முழங்கியது. கோயிலில் கொடியேற்றத்துக்குக் கூடச் செண்டைக்காரர் அப்படி வாசித்திருக்க மாட்டார். பாஸ்கரன் போட்டிருந்தது முதலாளி வேஷம். முகமூடியைக் கழற்றவும் தோன்றாமல் ஓடிப்போய் அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு முதலாளிகள் — ஒருவர் அசல், ஒருவர் பழைய பேப்பர்.

“விடும்வே! யாருவே இவன்! மாவு நாத்தம் அடிக்கி!”

மூட்டை இறக்குகிற மலையாளிகள் கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள். தமிழர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரே சொல்லுக்கு ஒரே சந்தில் ஒரு பக்கம் வெற்றி விழா, ஒரு பக்கம் கேலி. நடுவில் நான். பாஸ்கரன் சட்டையை இழுத்து எப்படிச் சொல்வது? ‘தோழரே, நாம் ஜெயிக்கவில்லை. எனக்குத் தமிழ் தெரியவில்லை’ என்றா?

அப்போதுதான் செல்லையா வெளியே வந்தார்.

வரமாட்டேன் என்று சொன்னவர். கையில் தோசைக் கரண்டி. மாவு சொட்டிக்கொண்டிருந்தது. வட்டத்துக்குள் வந்து நின்றதும் சிரிப்பு அடங்கியது. செண்டையும் ஒரு தட்டு தடுமாறி நின்றது.

“அண்ணாச்சி.”

“நீ எதுக்குவே வெளிய வந்த? கல்லு காயுது பாரு!”

“காயட்டும் அண்ணாச்சி. அவகாசம் தந்தேன்னு சொன்னீகள்லா. எனக்கு ஆறு மாசம்லாம் வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் அவகாசம் போதும். பிள்ளயப் போய்ப் பாத்துட்டு வந்திருவேன். அதோட மூஞ்சி மறந்து மறந்து போகுது.”

அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்தார்.

“அது... நான் வெளையாட்டுக்குல்லாவே சொன்னேன்!”

“தந்தேன்னு ரெண்டு தடவ சொன்னீக அண்ணாச்சி.”

மூட்டை இறக்குகிறவர்களில் மூத்தவர் ஒருவர், நல்ல உயரம், தலைக்கட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அண்ணாச்சி கடைக்கு அரிசி இறக்குகிறவர்.

“அண்ணாச்சீ, அவகாசம் தந்நுன்னு பறஞ்ஞது ஞங்ஙள் எல்லாரும் கேட்டதல்லே? இனி மாத்திப் பறயான் பாடில்லா.” சொன்னதை இனி மாற்றக் கூடாது என்கிறார்.

அண்ணாச்சி இந்தப் பக்கம் பார்த்தார். தமிழ்ப் பாதி. இவர்களுக்கு அவர் நேரம் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கம் பார்த்தார். மலையாளப் பாதி. அவர்களுக்கு அவர் உரிமையையே கொடுத்துவிட்டிருக்கிறார். இரண்டு பாஷையிலும் சாட்சி! அதுவும் எங்கே? சாலைக் கடைத்தெருவில். இங்கே லாரி லாரியாகச் சரக்கு வாய்ச்சொல்லில் கைமாறும். ‘தந்தேன்’ என்று சொல்லிவிட்டு இல்லை என்கிற வியாபாரியிடம் மறுநாள் யார் மூட்டையை இறக்குவார்?

ரொம்ப நேரம் மீசையைத் தடவினார்.

“ஞாயித்துக்கிழம முடியாதுவே. கல்யாணச் சாமான் வாங்க வாற கூட்டம்.”

“சரி அண்ணாச்சி. திங்கள்?”

“திங்கக்கிழம வாரத் தொடக்கம். அன்னிக்கி மாஸ்டர் இல்லாட்டா வெளங்குமா?”

“அப்ப எப்ப அண்ணாச்சி?”

“செவ்வா.” பெருமூச்சு விட்டார். “செவ்வாக்கெழம எவனும் புதுசா ஒரு காரியம் தொடங்க மாட்டான். கடையும் ஈயாடும். போய்த் தொலை!”

“அப்ப எனிக்கோ?” ஓட்டலுக்குள்ளிருந்து ஒரு குரல். பாத்திரம் தேய்க்கும் ரோஸம்மா. விழிஞ்ஞத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டார். “எனிக்கு ஞாயறாழ்ச்ச வேணும். மாதா கோயில்ல பூசைக்குப் போகணும்.”

“ஞாயிறு இல்லன்னுல்லா சொன்னேன்!”

“ஆங்... அப்போ அண்ணாச்சி தன்னே வந்து மாதாகிட்டப் பறஞ்ஞோ.”

அண்ணாச்சிக்கு எல்லாச் சாமியிடமும் பயம் உண்டு. ஆக, எங்கள் நாடகத்தில் கடைசி வரைக்கும் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமை விழிஞ்ஞத்தில் கிடைத்துவிட்டது. மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு நாள் என்று வாசலிலேயே பேசி முடிந்தது. மணி நாலு. செண்டைக்காரர் சாமிக்கு ஓடினார்.

கதை இத்தோடு சுபம் என்று நினைக்காதீர்கள். முதல் செவ்வாய்க்கிழமை அண்ணாச்சிக்கு ‘மறந்துபோய்விட்டது.’ அடுத்த நாள் மத்தியானம் மூன்று மணிக்கு நாங்கள் பதினோரு பேரும் அந்த ஓட்டலுக்கு டீ குடிக்கப் போனோம். டீ மட்டும்தான். ஒரு கோஷம் இல்லை, ஒரு வசனம் இல்லை. செண்டையை நடு மேஜைமேல் வைத்துவிட்டு மெதுவாக ஊதி ஊதிக் குடித்தோம். அடுத்த செவ்வாய் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

குழுவில் சுயவிமர்சனக் கூட்டம் கூடியது. முற்போக்குக் குழு என்றால் அது இல்லாமல் முடியுமா? நான் எழுந்து உண்மையைச் சொன்னேன். பாஸ்கரன் தாடியைச் சொறிந்தார்.

“ஆனாலும்... நம்மள் ஜயிச்சதல்லே?”

“ஜெயித்தோம். தப்பாக.”

“தெற்று சேச்சியுடேது. ஜயம் குழுவின்டேது” என்றார் சிரிக்காமல். மினிட்ஸ் புத்தகத்தில் அப்படியே ஏறியது: தப்பு அக்காவுடையது, ஜெயம் குழுவுடையது.

அடுத்த தடவை கவனமாக இருந்தோம். பொன்முடிப் பக்கம் ஒரு எஸ்டேட். மலை முழுக்கத் தமிழ்த் தொழிலாளர்கள். வசனத்தில் ‘அவகாசம்’ அடிக்கப்பட்டு ‘உரிமை’ எழுதப்பட்டது. ஒற்றுப்பிழை கூட இல்லாத சுத்தத் தமிழ். கொண்டையூசி வளைவுகளில் செண்டைக்காரர் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். மேலே போய்ச் சேர்ந்தால்... கேட் பூட்டியிருந்தது! பஸ் கம்பியில் கட்டி வந்த புதுப் பேனரை எங்களுக்கு முன்னாலேயே யாரோ வாசித்துவிட்டு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ‘உரிமை’ என்ற சொல் எல்லோருக்கும் ஒரே மாதிரி, உடனே புரிந்துவிட்டது. பனியில் அரை மணி நேரம் பாடிவிட்டு அதே பஸ்ஸில் இறங்கினோம்.

நாடகம் போட்டால் உலகம் மாறிவிடுமா என்று என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. போன மாசம் கூட ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். பதில் எனக்குத் தெரியாது, ஐயா. எங்களுக்குத் தெரிந்து ஒரு சந்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாறியது. அதுவும் ஸ்கிரிப்டில் இல்லாத இடத்தில்தான் மாறியது. நாங்கள் வட்டம் போட்டோம், சத்தம் போட்டோம், தப்பாகப் பேசினோம். அந்த வட்டத்துக்குள் வந்து நின்று சரியாகப் பேசியவர் கரண்டியோடு வந்தவர்.

அந்தச் சொல்லை அதற்குப் பிறகு நான் விடவில்லை. தேடிப் போனேன். வடமொழியில் அதற்கு மூல அர்த்தம் இடைவெளியாம். வெற்றிடம். கொஞ்சம் காலை நீட்ட ஒரு இடம். தமிழ் அந்த இடைவெளியைக் கடிகாரத்தில் கண்டது. மலையாளம் அதை நியாயத்தில் கண்டது. ஒரு மனுஷன் தன் குழந்தையின் காதையும் மூக்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க ஒரு நாள் கேட்கிறான். அது நேரமா, உரிமையா? எந்தப் பாஷை அகராதி அதைப் பிரித்துக் காட்டும்?

சரி, போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தோளில் இருந்த குட்டிப் பெண். ஆமாம், அந்த மூஞ்சிதான்! முழுசாக. மூக்கு, இரண்டு காது, எல்லாம் உண்டு. மூன்று வயசு தாண்டிவிட்டது. காது குத்துக்குத் துணி எடுக்க அம்மாவோடு பஸ் ஏறி வந்திருக்கிறாள். கையில் பாதி தின்ற நேந்திரம்பழம். மிச்சம் அப்பாவின் தலையில்.

“அக்காகிட்ட கெழமை சொல்லிக் காட்டுளா” என்றார் செல்லையா, பெருமையாக.

அவள் பழத்தை முழுங்கிவிட்டு, சந்தே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“ஞாயிறு, திங்கள், அப்பா, புதன்...”

“அப்பா இல்லளா, செவ்வா! எத்தன தடவ சொல்லுதேன்” என்று அம்மா அதட்டினாள்.

“சும்மா இரு, திருத்தாத” என்றார் செல்லையா. “சரியாத்தான் சொல்லுது.”

என் ‘அவகாசம் தா!’ பேனரிலும் நான் இன்றுவரை கை வைக்கவில்லை.